வாயுள்ள பிள்ளை மட்டும்தான் பிழைக்குமா?

சத்தமே திறமை என்று நம்பும் சமூகத்தில் அமைதியானவர்களின் பலம் என்ன? அதை நாம் எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்?

வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலிகள். முழுக்கைச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக இறுதியாண்டு மாணவ மாணவிகள். மூலையில் மதிப்பெண் தாளுடன் இரண்டு ஹெச்.ஆர். அதிகாரிகள். “செயற்கை நுண்ணறிவு வேலைகளைப் பறிக்குமா? ரெண்டு நிமிஷம் யோசிங்க, பதினஞ்சு நிமிஷம் பேசுங்க” என்று அறிவிப்பு வருகிறது.

யோசிக்கக் கொடுத்த நேரம் முடிவதற்குள்ளேயே ஒரு குரல் எழுகிறது: “குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ்...” முதலில் ஆரம்பிப்பவருக்குத் தனி மதிப்பெண் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த குரல் அதை வெட்டுகிறது. மூன்றாவது குரல் இரண்டையும் அமுக்குகிறது. ஓரத்து நாற்காலியில் ஒரு பெண். வாயைத் திறக்கும்போதெல்லாம் வேறு யாரோ முந்திக்கொள்கிறார்கள். அவர் மடியிலிருக்கும் தாளில், எந்த மாதிரி வேலைகள் முதலில் போகும், எவை தாக்குப்பிடிக்கும், ஏன் என்று பென்சிலில் நாலு வரி எழுதியிருக்கிறது. அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. மாலையில் ஒட்டப்படும் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் பருவம்தோறும் நடக்கும் காட்சி இது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆள் எடுப்பது பெரும்பாலும் கோடிங்குக்கும் டெஸ்டிங்குக்கும். நாள் முழுக்கத் திரை முன் உட்கார்ந்து, அடுத்தவர் கண்ணில் படாத பிழையைத் தேடும் வேலை. அதற்கான ஆளைக் குரலின் வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

கல்லூரி வாசலோடு இது நிற்பதில்லை. எல்.கே.ஜி. குழந்தை பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குப் பாட்டுப் பாடிக் காட்ட வேண்டும். பள்ளியில் கை தூக்குபவன் கெட்டிக்காரன். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து, “என்னப்பா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?” என்று ஒரு பெரியப்பா கேட்பார். அம்மாவைத் தனியே அழைத்து, “பிள்ளை யார்கூடவும் ஒட்ட மாட்டேங்கிறானே, டாக்டர்கிட்ட காட்டினியா?” என்று ஒரு சித்தி விசாரிப்பார். அலுவலகத்தில் வருடாந்தர மதிப்பீட்டில், “வேலை பிரமாதம், ஆனா விசிபிலிட்டி பத்தல” என்று மேனேஜர் எழுதுவார். உம்மணாமூஞ்சி, அழுத்தக்காரன், தலைக்கனம் பிடித்தவள் என்று பட்டங்களுக்கும் பஞ்சமில்லை.

கூச்சம் வேறு, சுபாவம் வேறு

இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட் என்ற பாகுபாட்டைப் பிரபலமாக்கியவர் ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யூங். 1921இல் வெளியான அவரது ‘உளவியல் வகைகள்’ நூலில், மனத்தின் ஆற்றல் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை வைத்து இதைச் சொன்னார். வெளியுலகை நோக்கிப் பாய்ந்தால் எக்ஸ்ட்ரோவர்ட், உள்ளே திரும்பினால் இன்ட்ரோவர்ட். நூற்றுக்கு நூறு ஒரே பக்கம் நிற்பவர் யாருமில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

பின்னால் வந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் இதற்கு உடலியல் விளக்கம் தந்தார். இன்ட்ரோவர்ட்களின் மூளை ஏற்கெனவே விழிப்பு மிகுந்திருப்பதால் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் கூட்டமே அவர்களுக்குப் போதுமானதாகிவிடுகிறது. எக்ஸ்ட்ரோவர்ட்களுக்கு அதே நிலையை எட்ட வெளியிலிருந்து கூடுதல் தூண்டுதல் வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் எல்லா விவரங்களும் இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. ஆனால் 1984இல் ரஸ்ஸல் கீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நடத்திய சோதனை அதை ஓரளவு கண்முன் காட்டியது. இரு தரப்பு மாணவர்களுக்கும் ஒரு கற்றல் பணி கொடுத்து, காதில் ஒலிக்கும் இரைச்சலின் அளவை அவர்களையே வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்ட்ரோவர்ட்கள் குறைவாக வைத்தார்கள், மற்றவர்கள் கூட்டி வைத்தார்கள். அவரவர் அளவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்தார்கள். அளவை மாற்றிக் கொடுத்ததும் இரு தரப்பும் தடுமாறினார்கள். திறமை இருவரிடமும் இருந்தது. யாருடைய சத்தத்தில் வேலை பார்க்கச் சொன்னோம் என்பதுதான் வித்தியாசம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூச்சம் என்பது அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்ற பயம். இன்ட்ரோவர்ட் சுபாவத்தில் அந்தப் பயம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. மேடையில் வெளுத்து வாங்கிவிட்டு, விருந்தில் தலைகாட்டாமல் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் படிப்பவர் இன்ட்ரோவர்ட். கூட்டத்துக்கு ஏங்கிக்கொண்டே வாசலில் தயங்கி நிற்பவர் கூச்சமுள்ள எக்ஸ்ட்ரோவர்ட்டாகக்கூட இருக்கலாம். மனிதர்களைச் சந்திப்பதையே நடுக்கத்தோடு தவிர்த்து, படிப்பும் வேலையும் கெடும் அளவுக்குப் போனால் அது வேறு. அதற்குச் சிகிச்சை உண்டு, எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாக இருப்பதே பிடிக்கும் பிள்ளைக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை.

மேடை மோகம்

நாம் மேடையில் மயங்கிய சமூகம். மேடைப் பேச்சால் ஆட்சியையே பிடித்த வரலாறு நம்முடையது. பட்டிமன்றம் இல்லாத பண்டிகை நாள் உண்டா? அந்தப் பேச்சுக்கலை நமக்குப் பெருமைதான். ஆனால் வள்ளுவர் ‘சொல்வன்மை’க்கும் ‘அவையஞ்சாமை’க்கும் அதிகாரம் ஒதுக்கியதுபோலவே ‘கேள்வி’க்கும் ‘பயனில சொல்லாமை’க்கும் அதே பத்துப் பத்துக் குறள்களை ஒதுக்கினார். நாம் முதல் இரண்டைப் பேச்சுப் போட்டிக்கு எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டைப் பாடப்புத்தகத்திலேயே விட்டுவிட்டோம்.

அதன்மேல் வந்து சேர்ந்தது அமெரிக்க விற்பனையாளர் கலாசாரம். 1912இல் நியூயார்க்கில் பேச்சுப் பயிற்சி வகுப்பு தொடங்கிய டேல் கார்னகி, 1936இல் நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்ற புத்தகத்தால் உலகப் புகழ் பெற்றார். ஒருவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியைவிட, பார்த்த மாத்திரத்தில் எப்படித் தெரிகிறார் என்ற கேள்வி பெரிதானது. ஐ.டி. நிறுவனங்களோடு அந்தப் பாடம் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்ற பெயரில் நம் ஊருக்கு வந்தது. இதற்கு எதிர்க்குரல் எழுப்பியவர் வால் ஸ்ட்ரீட்டில் வக்கீலாக இருந்த சூசன் கெயின். 2012இல் அவர் எழுதிய ‘க்வயட்’ என்ற நூல், அமெரிக்கர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை இன்ட்ரோவர்ட்கள் என்றும், பள்ளியும் அலுவலகமும் அவர்களை மறந்தே கட்டப்பட்டிருக்கின்றன என்றும் வாதாடியது.

பலம் ஒன்று: தனியே உட்காரும் தெம்பு

‘பிரைன்ஸ்டார்மிங்’ என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனப் பங்குதாரர். நாலு பேர் கூடி மனத்தில் தோன்றியதையெல்லாம் கொட்டினால் யோசனை குவியும் என்றார். 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நாலு பேர் குழுவாக உட்கார்ந்து சொன்ன யோசனைகளை ஒரு பக்கமும், நாலு பேர் தனித்தனியே எழுதி, பிறகு ஒன்றாகச் சேர்த்த யோசனைகளை மறுபக்கமும் வைத்து எண்ணினார்கள். தனித்தனியே எழுதியவர்களின் பட்டியல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் காரணத்தையும் சொல்லின. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் தோன்றியது மறந்துபோகிறது. கேட்டதன் வழியிலேயே சிந்தனையும் போய்விடுகிறது.

1975இல் கலிஃபோர்னியாவில் ஹெச்.பி. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஸ்டீவ் வோஸ்னியாக், வேலை நேரம் முடிந்த பிறகு தன் மேஜைக்கே திரும்பி வந்து, தன்னந்தனியாக ஒரு கணினியை வடிவமைத்தார். அதுதான் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினி. அதை வெளியே கொண்டுபோய் விற்க ஸ்டீவ் ஜாப்ஸின் வாய் தேவைப்பட்டது உண்மை. ஆனால் விற்க ஒரு பொருள் இருந்தது, ஒருவர் ராத்திரிகளில் தனியே உட்கார்ந்ததால்.

கணிதத்தில் இன்னும் சுவையான கதை உண்டு. 1913 ஜனவரியில் மதராஸ் துறைமுகக் கழகத்தின் குமாஸ்தா ஒருவர் தன் தேற்றங்களைத் தாள்தாளாக எழுதிக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். பிரித்தவர் கணிதவியலாளர் ஜி.ஹெச். ஹார்டி. ஹார்டி பெரிய கூச்சக்காரர். ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுபவர் என்று அவரது நண்பர் சி.பி. ஸ்னோ எழுதியிருக்கிறார். இந்த ஹார்டியும் சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். இருவரும் ஒரே கல்லூரியில் இருந்தபோதும் எண்ணங்களைக் கடிதமாகவே பரிமாறிக்கொண்டார்கள். வந்த கடிதத்தைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயமோ, பதில் போட வேண்டும் என்ற கட்டாயமோ இல்லை என்று தங்களுக்குள் விதியே வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் மாபெரும் கூட்டணி இப்படித்தான் நடந்தது. கடிதம் அனுப்பிய ராமானுஜன் இன்ட்ரோவர்ட்டா இல்லையா என்பது நமக்கு முக்கியமில்லை. எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவருக்குக் கேம்பிரிட்ஜின் கதவைத் திறந்தது எழுத்து. எழுதியதைப் பொறுமையாகப் படிக்கும் சுபாவம் மறுமுனையில் இருந்தது.

பலம் இரண்டு: கேட்கும் காது

தலைவன் என்றால் கர்ஜிக்க வேண்டும் என்பது நம் சினிமா தந்த கற்பனை. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹாஃப்மன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு கோணத்தில் பார்த்தது. அமெரிக்காவில் ஒரு பீட்சா நிறுவனத்தின் 57 கிளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்யும் கிளைகளில், எக்ஸ்ட்ரோவர்ட் மேனேஜர் இருந்தால் லாபம் 16 சதவீதம் அதிகம். ஊழியர்கள் தாங்களாகவே யோசனை சொல்லும் கிளைகளில் நிலைமை தலைகீழ். அங்கே இன்ட்ரோவர்ட் மேனேஜர் இருந்தால் லாபம் 14 சதவீதம் அதிகம். யோசனையோடு வரும் ஊழியரைப் பேசிப் பேசியே அமுக்கிவிடுபவர் ஒருவர், காதுகொடுத்துக் கேட்டு அதை நடத்திக் காட்டுபவர் மற்றவர்.

நம் ஊரில் இதற்கு நேரடி உதாரணம் ஏ.ஆர். ரஹ்மான். பேட்டிகளில் இரண்டு வார்த்தைக்கு மேல் வாங்குவது கஷ்டம் என்று பத்திரிகையாளர்கள் புலம்புவார்கள். ஆனால் அவரிடம் பாடியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே விஷயம்தான். நள்ளிரவில் ஸ்டூடியோவுக்கு அழைப்பார்; மெட்டைக் கொடுத்துவிட்டு, உங்களுக்குத் தோன்றுகிறபடி பாடுங்கள் என்று விட்டுவிடுவார்; எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு, எதை எங்கே வைப்பது என்பதைப் பிறகு தனியே உட்கார்ந்து முடிவு செய்வார். 1992இல் ‘ரோஜா’வில் தொடங்கி 2009இல் இரண்டு ஆஸ்கர் வரை வந்த பாணி அது.

அரசியலில் காமராஜரைச் சொல்லலாம். அவரை இன்ட்ரோவர்ட் என்று முத்திரை குத்த முடியாது. மக்கள் நடுவிலேயே வாழ்ந்தவர். ஆனால் அடுக்குமொழி கோலோச்சிய காலத்தில் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டவர். 1964 மே மாதம் நேரு மறைந்ததும் அடுத்த பிரதமர் யார் என்ற பெரும் கேள்வி எழுந்தது. காங்கிரஸ் தலைவரான காமராஜர் கூட்டம் போட்டு விவாதிக்கவில்லை. முதலமைச்சர்கள், கட்சித் தலைவர்கள், எம்.பி.க்கள் என்று ஒவ்வொருவராகச் சந்தித்துக் கேட்டார். கடைசியில் ஒரு பெயரைச் சொன்னார்: லால் பகதூர் சாஸ்திரி. மொரார்ஜி தேசாயே அதை வழிமொழியும் அளவுக்கு முடிவு கனிந்திருந்தது. ஒரே அறையில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் உரக்கப் பேசியவரின் பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

பலம் மூன்று: சொல்வதற்கு முன் யோசனை

லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி, அங்கிருந்த சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். கூட்டத்துக்குத் தவறாமல் போவார், வாய் திறக்க மாட்டார். ஒருமுறை, குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேசினார் என்பதற்காக டாக்டர் ஆலின்சன் என்ற உறுப்பினரை நீக்கச் சங்கத் தலைவரே முயன்றார். ஆலின்சனின் கருத்து காந்திக்கும் உடன்பாடில்லை. ஆனால் அதற்காக ஒருவரைச் சைவச் சங்கத்திலிருந்து விலக்குவது நியாயமில்லை என்று பட்டது. பேச நா எழாது என்று தெரிந்ததால் எழுதி எடுத்துப் போனார். கூட்டத்தில் அதை வாசிக்கவும் முடியவில்லை, வேறொருவர் வாசித்தார். தீர்மானத்தில் காந்தியின் பக்கம் தோற்றது. பிறகு பம்பாயில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது, வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வெளியேறினார்.

பின்னாளில் தன் சுயசரிதையில் இதையெல்லாம் எழுதும்போது, அந்தத் தயக்கத்தால் தனக்கு நஷ்டம் எதுவுமில்லை, சொற்களைச் சிக்கனமாகச் செலவிட அதுவே கற்றுக்கொடுத்தது என்கிறார். ஒரு சொல்லைக்கூட யோசிக்காமல் வெளியே விடுவதில்லை என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. தேசமே அவர் பேச்சுக்குக் காத்திருந்த நாட்களிலும் திங்கள்கிழமையை மௌன நாளாக வைத்துக்கொண்டார். அன்று ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். தலைவர்களைக் குழு விவாதம் வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் 1891இல் லண்டனிலேயே அவர் கழிக்கப்பட்டிருப்பார்.

சுவரை இடித்தால் பேச்சு வளருமா?

தடுப்புகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தால் கலந்து பேசுவார்கள் என்று நம்பித்தான் ‘ஓப்பன் ஆபீஸ்’ வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈத்தன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீஃபன் டர்பனும் இரண்டு பெரிய நிறுவனங்களில், திறந்த கூடத்துக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும் ஊழியர்களின் உடலில் உணரிக் கருவி பொருத்தி அளந்தார்கள். 2018இல் வெளியான முடிவு: நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சலும் மெசேஜும் கூடின. ஒதுங்க இடமில்லாதவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளுக்குள் ஒதுங்கினார்கள். எல்லோருக்குமே கொஞ்சம் தனிமை வேண்டியிருக்கிறது. இன்ட்ரோவர்ட்கள் அதைக் கூடுதலாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு

இதற்காக அமைதியானவர்களெல்லாம் மேதைகள், வாயாடிகளெல்லாம் வெற்றுவேட்டுகள் என்று கிளம்பிவிடக் கூடாது. பேசாமல் இருப்பவர்களில் சொல்ல எதுவும் இல்லாதவர்களும் உண்டு. தவறு நடப்பதைப் பார்த்தும் வாய் மூடியிருப்பதற்கு ‘என் சுபாவம் அப்படி’ என்பது சாக்காகிவிடவும் கூடாது. விற்பனையில் யார் கெட்டி என்று 2013இல் ஆடம் கிராண்ட் 340 விற்பனை ஊழியர்களிடம் பார்த்தபோது, இரண்டு எல்லையிலும் இல்லாமல் நடுவில் இருந்தவர்களே அதிகம் விற்றிருந்தார்கள். அளவோடு பேசவும் தெரிய வேண்டும், நிறுத்தவும் தெரிய வேண்டும்.

வேண்டும்போது வெளிப்படுவது இன்ட்ரோவர்ட்களால் முடியாத காரியமும் அல்ல. கனடா நாட்டு உளவியல் பேராசிரியர் பிரையன் லிட்டில் வகுப்பறையைச் சிரிப்பால் அதிரவைப்பவர், ஹார்வர்டில் மாணவர்களின் அபிமானம் பெற்றவர். ஆனால் அவர் தீவிர இன்ட்ரோவர்ட். உரை முடிந்ததும் இன்னொரு உரைக்குத் தெம்பு சேர்க்கக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அவரே மேடையில் சொல்லிச் சிரிக்கவைத்த சங்கதி. மனத்துக்குப் பிடித்த காரியத்துக்காக மனிதர்கள் தம் சுபாவத்தைத் தாண்டி நடக்க முடியும் என்பது அவர் கருத்து. அதற்கு ஒரு விலை உண்டு. பிறகு இளைப்பாற இடம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

என்ன செய்யலாம்?

வகுப்பறையில்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கண்டுபிடித்தார். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகக் கை தூக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பைசா செலவில்லாத சீர்திருத்தம் இது. நம் ஆசிரியர்கள் நாளைக் காலையே தொடங்கலாம்.

அலுவலகத்தில்: கூட்டத்தின் தலைப்பை முந்தைய நாளே அனுப்புங்கள். கூடியதும் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் எழுதட்டும், பிறகு பேசுங்கள். பதவியில் சிறியவரை முதலில் கேளுங்கள். கூட்டம் முடிந்த பிறகு மின்னஞ்சலில் வரும் யோசனைக்கும் அதே மதிப்புக் கொடுங்கள்.

வீட்டில்: விருந்தினர் முன்னால், “இவன் யார்கூடவும் பேச மாட்டான்” என்று பிள்ளையை அறிமுகப்படுத்தாதீர்கள். அந்தப் பட்டம் ஒட்டிக்கொள்ளும். புதிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகக் கூட்டிப்போங்கள். கூட்டம் சேரும்போது அந்த இடம் அவனுக்குப் பழகியிருக்கும். ஒரு நண்பன் போதுமென்றால் ஒன்றே போதும்.

அமைதியானவர்களுக்கு: கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரே ஒரு வாக்கியமாவது சொல்லிவிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கத் தயக்கம்தான் கூடும். செய்த வேலையை நாலு வரியில் எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள். அது தம்பட்டம் ஆகாது, கணக்குக் காட்டுவது. உங்கள் சார்பில் யாரும் பேசப்போவதில்லை.

பேச்சு ஒரு திறமை. வக்கீலுக்கும் விற்பனையாளருக்கும் அரசியல்வாதிக்கும் அது அவசியம். அங்கே அதைத் தேடிப் பிடியுங்கள். மருந்தின் அளவைச் சரிபார்ப்பவர், பாலத்துக்குக் கணக்குப் போடுபவர், தணிக்கை செய்பவர், நோயாளி சொல்வதைக் கேட்பவர் ஆகியோரிடம் முதலில் பார்க்க வேண்டியது கவனம். ஆளெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த வேலைக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு தேர்வை வையுங்கள். எல்லா வேலைக்கும் வாயையே நுழைவுச்சீட்டாக்காதீர்கள்.